கோப்பித் துட்டுக்குப் படம் பிடித்தது

துரைமார் முட்டி போட்டு உட்கார்ந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கோயிலில் இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில், என் பிள்ளைகள் கரிக்கட்டியால் கிழித்த தாயக்கட்டத்துக்கு முன்னால்.

அப்போது நாங்கள் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே டீமேக்கர், கொழுந்தைத் தேயிலைத் தூளாக்குகிற வேலைக்குப் பொறுப்பானவர். கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்கு ஒட்டினாற்போல் எங்கள் வீடு. அவருக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஆளை எப்போது எழுப்பி அனுப்பலாம் என்று பார்க்கத் துரை நேரில் வந்துவிட்டார். வந்தவர் காய்ச்சல்காரரைப் பார்க்கவில்லை. தரையில் பிள்ளைகள் நகர்த்திக்கொண்டிருந்த காய்களைப் பார்த்தார். அப்படியே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முட்டி போட்டார். பிள்ளைகள் பயந்து எழுந்து என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

அந்தக் காய்கள் என் அம்மாவின் கோப்பித் துட்டுகள். இந்த மலையில் தேயிலை வருவதற்கு முன்னால் கோப்பிதான். அம்மா சின்னப் பிள்ளையாகத் திருச்சிப் பக்கத்திலிருந்து நடந்து வந்து, பாவாடை கட்டின வயதிலேயே கோப்பிப் பழம் பறிக்கப் போனவள். கூடை நிறையப் பழத்தைக் கொண்டுபோய் ஸ்டோரில் கொட்டினால் கையில் ஒரு செப்புத் துட்டு வைப்பார்களாம். ராணி தலை போட்ட காசு இல்லை, தோட்டமே அடித்துக்கொண்ட துட்டு. ஒரு பக்கம் கோப்பிக் கிளை, மறுபக்கம் இங்கிலீஷ் எழுத்து, அதன்மேல் உளியால் தட்டின ஒரு குறி. பிறகு கோப்பி இலையில் மஞ்சள் நோய் விழுந்து மரமெல்லாம் மொட்டையாகிப் போனது. தோட்டத்தை மூடிவிட்டுப் பழைய துரை கப்பலேறினார். எங்கேயும் செல்லாத துட்டைப் பலபேர் ஆற்றில் எறிந்தார்கள். அம்மா எறியவில்லை. குடியிருந்த லயத்து வரிசை வீடு மாறும்போதும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்போதும் முந்தானையில் முடிந்து கொண்டுபோனாள். கடைசியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தாள்.

இது எதுவும் துரைக்குத் தெரியாது. ஆனால் துட்டைத் தெரியும். அவர் பழங்காசு சேர்க்கிறவர். பங்களாவில் ஒல்லாந்தர் காலத்துக் காசுக்கென்றே தனி மேசை உண்டு என்று அவருடைய சமையல்காரன் சொல்லியிருக்கிறான். துரை துட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் அடுக்கினார். பிறகு எழுந்து, கேட்டார். கேட்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எடுத்துக்கொண்டு போவதாக அறிவித்தார், அவ்வளவுதான். கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார முயன்று, எடுத்துக்கொள்ளுங்கள் துரை என்று சொல்லியும்விட்டார்.

நான் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். துரைமாரோடு எப்படிப் பேச வேண்டும் என்று அங்கேயும் சொல்லிக்கொடுத்தார்கள், லயத்திலும் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு இரண்டும் மறந்துபோனது.

"அது எங்க அம்மா பழம் பறிச்சு வாங்குனதுங்க தொரை. குடுக்க முடியாதுங்க."

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும். "இது தோட்டத்துச் சல்லி. தோட்டம் அடிச்சது. உனக்கு எப்படிச் சொந்தம்?" என்றார்.

தோட்டம் அடித்ததுதான், ஆனால் சும்மா கொடுக்கவில்லையே என்றேன். என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா, அவருக்கா என்று தெரியவில்லை. துரை கொஞ்சம் இறங்கி வந்தார். கொழும்பில் பழங்காசு ஆராய்கிற சங்கம் ஒன்று இருக்கிறதாம், அதற்கு இந்தத் துட்டைப் பற்றி எழுதப் போகிறாராம். சொந்தமாக வேண்டாம், பங்களாவுக்கு அனுப்பினால் படம் பிடித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன் என்றார்.

பங்களாவுக்குப் போன சாமான் திரும்பின கதை எங்களுக்குத் தெரியும். பெரிய கங்காணி சம்சாரத்தின் கிளிமூக்குப் பாக்குவெட்டி, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று போனதுதான். இப்போது அது அங்கே மேசைமேல் காகிதம் பறக்காமல் அழுத்திக்கொண்டு கிடக்கிறது. அந்தம்மா இன்றைக்கும் பாக்கைக் கல்லில் வைத்து உடைக்கிறாள்.

"படம்தானேங்க வேணும்? நானே எடுத்துத் தர்றேன்" என்றேன்.

இது வாய்க்கு வந்த வீம்பு இல்லை. எங்கள் வீட்டில் கேமரா இருந்தது. ஊருக்குப் போன ஒரு சின்னத்துரையின் சாமான்களைப் பதுளையில் ஏலம் விட்டபோது என் வீட்டுக்காரர் ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே மூன்று கால் கட்டையும் கறுப்புத் துணியுமாகக் கேமரா இருந்தது. கணக்கப்பிள்ளை குடும்பம், கங்காணி வீட்டுக் கல்யாணம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பிடிப்பார். பிடிப்பதோடு சரி. இராத்திரியெல்லாம் ஸ்டோரில் கொழுந்து வாடுவதைப் பார்த்துவிட்டு வருகிற ஆள், படுத்தால் எழும்ப மாட்டார். படம் விழுந்த கண்ணாடித் தட்டை மருந்தில் கழுவி எடுப்பது, காகிதத்தில் வெயில் காட்டிப் படமாக்குவது எல்லாம் நான்தான். சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில், அரிக்கன் லாம்பில் சிவப்புத் துணி சுற்றி வைத்துக்கொண்டு செய்வேன். தட்டும் மருந்தும் பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்போம், கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவார். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும், அதற்குமேல் மாட்டுவண்டிதான். பாதி தட்டு வழியிலேயே உடைந்து வரும்.

ஆனால் மனிதரைப் பிடிப்பது வேறு, துட்டைப் பிடிப்பது வேறு. தேயிலைப் பெட்டிப் பலகையில் பழைய குடைத் துணியைப் போர்த்தி, ஒவ்வொரு துட்டுக்குப் பின்னாலும் சின்னதாகக் கோதுமை மா உருண்டை வைத்து ஒட்டி, பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். முதல் தடவை விழுந்த படத்தைப் பார்த்தால், கறுப்புத் துணியில் கறுப்பு ஓட்டை. செம்பு நிறம் அந்தத் தட்டில் கறுப்பாகத்தான் விழும். அதுவும் இத்தனை வருஷம் முந்தானை அழுக்கேறின செம்பு.

மறுநாள் காலையில் துட்டெல்லாம் பளபளவென்று முற்றத்தில் காய்கிறது. அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். என்ன அம்மா இது என்றால், படம் பிடிக்கப் போகிறவர்கள் குளித்து முழுகித்தானே வருகிறார்கள், இது மட்டும் அழுக்கோடு நிற்க வேண்டுமா என்று என்னையே கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் செம்பென்றால் புளி போட்டுத் தேய்ப்பதுதான், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நானும் உட்கார்ந்து மிச்சத்தைத் தேய்த்தேன்.

பளபளப்பில் இன்னொரு தொல்லை வந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டு, துட்டு நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்தது. கிளையும் தெரியவில்லை, இலையும் தெரியவில்லை. இரண்டு தட்டு வீண். மூன்றாவது தடவை, இடியாப்பத்துக்கு வறுத்து வைத்திருந்த அரிசிமாவைத் துட்டின்மேல் தூவி, விரலால் மெதுவாக வழித்துவிட்டேன். பள்ளத்தில் மா தங்கியது, மேட்டில் செம்பு தெரிந்தது. பளபளப்பும் அடங்கியது. நிழல் விழுகிற பக்கத்தில் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைக் கசக்கி விரித்து நிறுத்தினேன். வெளிச்சம் திரும்பி வந்து விழுந்தது. ஒரு கோப்பிப் பழம்கூட விடாமல் தெரிந்தது. அன்றைக்கு நான் சாமான் அறைக்குள் தனியாகச் சிரித்தேன், வெட்கமில்லாமல் சத்தமாகவே சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டோர் ஓடினால் எங்கள் வீட்டுத் தரை நடுங்கும், படம் கலங்கிப் போகும். ஸ்டோர் நிற்கிறது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆராதனை. நான் போகவில்லை. உபதேசியார் ஆளனுப்பிக் கேட்டார், உடம்பு சரியில்லையா என்று. உடம்பு நன்றாக இருக்கிறது, வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். கேமராவின் மூடியைத் திறந்துவிட்டு, நேரம் பார்க்கக் கடிகாரம் இல்லாததால், பரமண்டல ஜெபத்தை ஒரு தடவை நிதானமாகச் சொல்லிவிட்டு மூடுவேன். அன்றைக்கு ஆராதனையில் உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகத் தடவை அந்த ஜெபத்தைச் சொன்னவள் நானாகத்தான் இருப்பேன்.

படத்தைத் துரைக்கு அனுப்பினேன். தட்டை நானே வைத்துக்கொண்டேன். பங்களாவிலிருந்து ஒரு டின் பிஸ்கட் வந்தது. பிள்ளைகள் தின்றார்கள். விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மழைக்காலம் கழிந்த பிறகு ஒருநாள் துரை மறுபடி வாசலில் வந்து நின்றார். கையில் ஓர் அச்சுப் புத்தகம். முகம் முழுக்கச் சந்தோஷம். பிரித்துக் காட்டினார். என் படம். நான் ஒட்டின மா உருண்டையின் ஓரம்கூட ஒரு துட்டுக்குப் பக்கத்தில் தெரிந்தது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. துட்டுகள் இன்ன துரையின் சேகரிப்பிலிருந்து, படமும் அவரே பிடித்தது என்று போட்டிருந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

நான் வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். படத்தைத் தான் பிடித்ததாகச் சொல்லிக்கொண்டதுகூட எனக்குப் பெரிதில்லை. ஆனால் அந்தத் துட்டு அவர் சேகரிப்பா? முதுகில் கூடை கட்டி, அட்டை கடித்த காலோடு மலை ஏறி இறங்கினவள் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். என் காது இரண்டும் சூடாகிவிட்டது.

துரை அதைக் கவனிக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் மறுபக்கத்தையும் கேட்கிறார்களாம். எந்தத் தோட்டத்துத் துட்டு என்று அந்த எழுத்தையும் உளிக் குறியையும் பார்த்தால்தான் தெரியுமாம். இந்தத் தடவை துட்டையே கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறேன், எடு என்றார்.

நான் உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினேன். புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. துரையின் முகம் செத்துப்போனது.

"யார் கழுவுனது இதை?"

அடுப்படியிலிருந்து அம்மா பதில் சொன்னாள், சந்தோஷமாகவே. "நான்தாங்க தொரை. நல்லா புளி போட்டுத் தேச்சேன்."

துரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பழங்காசுக்கு அந்தப் பழைய கறுப்பு நிறம்தானாம் மதிப்பு. தேய்த்த காசைச் சங்கத்துக்காரர்கள் தொடக்கூட மாட்டார்களாம். இனி இதை எனக்கு இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார். அந்த ஒரு பேச்சில் துட்டுக்கு வந்த ஆபத்து விலகியது. புளிக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன். ஆனால் அந்த இரண்டு வரி இன்னும் என் கண்முன்னால் விரிந்து கிடந்தது.

மறுபக்கத்துக்குப் படமாவது எடுத்துக் கொடு என்றார் துரை. எடுத்துத் தருகிறேன், ஆனால் புத்தகத்தில் துரை பெயர் போட்ட இடத்தில் என் அம்மா பெயர் போட வேண்டும் என்றேன். துட்டு யாருடையதோ அவர் பெயர்தானே வர வேண்டும்? அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றார். கூலிக் கிழவியின் பெயரைக் கொழும்பில் அச்சடிக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். பெண்சாதியை அடக்கத் தெரியாத டீமேக்கர் தனக்கு வேண்டாம், வேறு தோட்டம் பார்த்துக்கொள் என்றார்.

என் வீட்டுக்காரர் பயந்த சுபாவம். துரையின் குதிரைச் சத்தம் கேட்டாலே சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கிற ஆள். அவர் என்னைப் பார்த்தார், மேசையில் கிடந்த துட்டைப் பார்த்தார்.

"சரிங்க தொரை. பாத்துக்குறேங்க" என்றார்.

துரை போன பிறகு அவர் எடுத்த தேநீர்க் கோப்பையில் பாதி சட்டைமேல் சிந்தியது. நான்தான் வாங்கி ஊட்டிவிட்டேன். கல்யாணம் ஆன நாளில்கூட எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆசை வந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவை முற்றத்துக்குத் தூக்கினேன். பலகையில் துட்டை ஒட்டவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, கையை நீட்டு என்றேன்.

"கைய மட்டுமா எடுக்கப் போற? மூஞ்சி என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

முகத்தை எடுத்தால் துரை அதை வெட்டி எறிந்துவிட்டுத் துட்டை மட்டும் வைத்துக்கொள்வார், கையை வெட்ட முடியாது, அது யார் கை என்று கேள்வி வரும் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு வளையலை மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். முழங்கையைப் பெட்டிப் பலகையில் சாய்த்து, உள்ளங்கையிலும் விரலிலும் மா உருண்டை வைத்து, எழுத்துப் பக்கம் தெரியும்படி துட்டுகளை ஒட்டினேன். ஒவ்வொன்றின் ஓரத்தின் மேலும் ஒரு விரலாவது மடங்கியிருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கத்தரிக்கோல் போட்டாலும் விரல் வராமல் துட்டு வராது. பிறகு அரிசிமாவைத் தூவி வழித்தேன். துட்டின் எழுத்தைச் சுற்றி மா தங்கியது போலவே அம்மாவின் கைரேகையிலும் தங்கியது. கோப்பிக் கிளையும் கவ்வாத்துக் கத்தியும் கிழித்த வெடிப்பிலெல்லாம் தங்கியது. அவ்வளவு கோடு அந்தக் கையில் இருந்ததை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. குவியம் பார்க்க முடியாமல் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி கொஞ்சநேரம் நின்றேன்.

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதல் தட்டில் அவளுக்குச் சிரிப்பு வந்து ஒரு துட்டு விழுந்தது. இரண்டாவது தட்டு கலங்கியது. வெயில் நன்றாக ஏறின பிறகு எடுத்த மூன்றாவதில் எல்லாம் விழுந்தது. எழுத்து, உளிக் குறி, ரேகை, மணிக்கட்டில் குத்தின பச்சைப் புள்ளிகள், ஒன்றும் தப்பவில்லை.

ஒரே ஒரு பிரதி எடுத்துப் பங்களாவுக்கு அனுப்பினேன். தட்டை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். பதில் இல்லை. வாரங்கள் போயின. வேலையை விட்டுப் போ என்று துரை மறுபடி சொல்லவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு காலையும், கூலிகள் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போவதுபோல் ஸ்டோருக்குப் போய் வந்தார். அந்த வருஷம் டீமேக்கர்களுக்குக் கொடுக்கிற சம்பள உயர்வு எங்களுக்கு மட்டும் வரவில்லை. கருவாட்டைக் குறைத்துக்கொண்டோம். பெட்டி சாமானைக் கட்டி வைத்தே இருந்தோம். பதுளை நானா தன் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

பங்களாச் சமையல்காரன்தான் சங்கதி கொண்டுவந்தான். மறுபக்கத்துப் படம் எங்கே என்று கொழும்பிலிருந்து கேட்டுக் கேட்டு எழுதுகிறார்களாம். துரை படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாராம். பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, தலை நிமிராமல், உன் மாமியார் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்.

இவரோ, கேட்டுவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டார். மாமியார் பெயர் தெரியாத மருமகனா அவர்? ஆனால் அதைச் சொல்கிற உரிமை தனக்கில்லை என்று தோன்றியதாம். அம்மாவிடம் சொன்னோம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"எம்பேருதானே? வந்து எங்கிட்ட கேக்கச் சொல்லு."

இதைப் போய் எப்படித் துரையிடம் சொல்வது என்று என் வீட்டுக்காரர் அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் போய்ச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குதிரை வந்து நின்றது. துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். இந்த மலைக்கு வந்த காலத்திலிருந்து துரையைக் கண்டால் வழியை விட்டிறங்கி நின்று பழகினவள், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. துரை காகிதமும் பென்சிலும் எடுத்தார். பெயரைக் கேட்டார்.

அம்மா சொன்னாள். தன் பெயர், தன் அப்பா பெயர், பிறந்த ஊர். துரை எழுதினார். எழுதினதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். அப்படியில்லை என்று தலையை ஆட்டி இன்னொரு தடவை நிறுத்திச் சொன்னாள். துரை அடித்துவிட்டு எழுதினார், திரும்ப வாசித்தார். அதுவும் இல்லை என்றாள். என் வீட்டுக்காரர் கதவோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு ஓர் அவசரமும் இல்லை. சரியாக வரும்வரை சொல்ல வைத்தாள்.